விபத்துக் காயம் ஆறிய பிறகும் தொடரும் வலி, நிற்காத மருத்துவச் செலவு

கார் விபத்தில் அடிபட்டு ஓராண்டு கடந்தும் கழுத்து வலியும் முதுகு வலியும் விடவில்லை, ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை என்கிறார்கள், கையிருப்பு கரைந்துகொண்டே போகிறது, இதோடு எப்படி வாழ்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நின்றிருந்த என் காரின் மீது பின்னால் வந்த வாகனம் மோதியதிலிருந்து சில ஆண்டுகளாக இதே வலியோடு காலம் தள்ளுபவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் மருத்துவனோ வழக்கறிஞனோ அல்லன். ஆனால் வலி வேறு, செலவு வேறு என்று பிரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் இரண்டுமே கட்டுக்குள் வராது என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன். என் பணத்தில் கணிசமான பங்கு சிகிச்சைக்குப் போகவில்லை. வலிக்கான காரணத்தை யாராவது ஒரு படத்தில் சுட்டிக்காட்டிவிட மாட்டார்களா என்ற தேடலுக்கே போனது.

அந்தத் தேடல் இயல்பானதுதான். எனினும் நாள்பட்ட வலியின் தன்மையைப் புரிந்துகொண்டால் அதன் வேகம் தணியும். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியையே மருத்துவம் நாள்பட்ட வலி என்கிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதற்கெனத் தனி இடம் உண்டு. காயத்துக்குப் பிந்தைய நாள்பட்ட வலி அதில் ஒரு பிரிவாகவே வருகிறது. ஆகவே ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்கு உங்களுக்கு வலி இல்லை என்று பொருள் அல்ல. தசையும் தசைநாரும் ஆறிய பிறகும், தண்டுவடத்திலும் மூளையிலும் உள்ள நரம்பு அமைப்பு கூருணர்வு கொண்டதாகவே நின்றுவிடக்கூடும். சாதாரணத் தொடுதலும் அசைவும்கூட அப்போது வலியாகப் பதிவாகும். ஸ்கேன் கருவி இதைக் காட்டாது. மறுபுறம், முதுகெலும்பு வட்டுத் தேய்மானம் (எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் ‘டிஸ்க்’ தேய்வது) என்று அறிக்கையில் எழுதியிருந்தால் அதைக் கண்டு நிலைகுலையவும் வேண்டியதில்லை. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் அத்தகைய தேய்மானம் இருந்தது.

எனவே அடுத்த பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கும்போது, “இதன் முடிவு எதுவாக வந்தாலும் இப்போதைய சிகிச்சை மாறுமா?” என்று மரியாதையோடு கேளுங்கள். மாறாது என்றால் அந்தச் செலவைத் தள்ளிப்போடலாம். கை கால்களில் புதிதாகப் பலவீனம் தோன்றினாலோ, தொடைகளுக்கு இடைப்பட்ட பகுதி மரத்துப்போனாலோ, சிறுநீரையோ மலத்தையோ அடக்கும் கட்டுப்பாடு தவறினாலோ, வலியோடு காய்ச்சல் சேர்ந்தாலோ இந்தக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மருந்துச் செலவைக் குறைக்க, அட்டையில் பெரிய எழுத்தில் உள்ள வணிகப் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பொருளின் பெயரைப் படியுங்கள். அதே மூலப்பொருளில், அதே அளவில், விலை குறைந்த பொதுப்பெயர் (ஜெனரிக்) மருந்து உண்டா என்று மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்கலாம். வெவ்வேறு பெயர்களில் வாங்கிய இரண்டு மாத்திரைகளிலும் பாராசிட்டமாலே இருப்பதும் அப்போதுதான் தெரியவரும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகளை மாதக்கணக்கில் தாமாகவே வாங்கி விழுங்குபவர்கள் இரைப்பைப் புண்ணுக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் பிறகு செலவழிக்க நேரிடலாம். நரம்பு வலிக்குத் தரப்படும் பிரிகாபலின், காபாபென்டின் போன்றவற்றைப் பணத்தை மிச்சப்படுத்துவதற்காகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் சொல்லும் முறையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அன்றாட வாழ்வில் எனக்கு மிகவும் உதவியது, வலியைப் பார்த்து வேலையை நிறுத்தாமல் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துவது. நம்மில் பலரும் வலி குறைந்த நாளில் நிலுவை வேலைகளை எல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, அடுத்த இரண்டு மூன்று நாட்கள் படுக்கையில் கிடக்கிறோம். பிறகு எதற்கு வம்பு என்று அசைவையே குறைத்துக்கொள்கிறோம். தசை இன்னும் தளர்கிறது. என் இயன்முறை மருத்துவர், நாற்காலியில் தொடர்ந்து எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது என்று சில நாட்கள் குறித்துவரச் சொல்லி, அந்தச் சராசரியைவிடச் சற்றுக் குறைவான நேரத்தை எல்லையாக வைத்தார். நல்ல நாளாக இருந்தாலும் மணி அடித்ததும் எழுந்துவிட வேண்டும். மோசமான நாளாக இருந்தாலும் அந்த அளவை முடிந்தவரை விடக் கூடாது. வாரம் செல்லச் செல்ல எல்லையைச் சிறிது சிறிதாகக் கூட்டினோம். தெருமுனையில் வண்டி வருகிறதா என்று பார்க்க இடுப்போடு முழு உடலையும் திருப்பிக்கொண்டிருந்த நான், இப்போது கழுத்தைத் திருப்பியே பார்க்கிறேன். வலி அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. செலவு நோக்கில் பார்த்தாலும், மேசைமீது படுத்துக்கொண்டு பிறர் நமக்குச் செய்யும் சிகிச்சையைவிட, நாமே வீட்டில் செய்யும் பயிற்சியைக் கற்றுத்தரும் சிகிச்சைக்கே முன்னுரிமை தர வேண்டும். அது சில அமர்வுகளில் முடிந்துவிடும். முந்தையது முடிவதே இல்லை.

பூஜ்யத்திலிருந்து பத்து வரை வலி எத்தனை என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். அந்தக் கேள்வி எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. எண்ணைச் சொல்லிவிட்டு, அதோடு செயலையும் சொல்லுங்கள்: எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது, இரவில் எத்தனை முறை விழிப்பு வருகிறது, தலைக்கு மேல் கையைத் தூக்க முடிகிறதா என்பவற்றை மருத்துவர் குறிப்பில் எழுதச் செய்யுங்கள். இழப்பீடு கோரும்போது “கடும் வலி” என்ற சொல்லைவிட இந்த வரிகளே எடுபடும்.

காகிதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல ரசீதுகள் வெப்பத்தாளில் அச்சாகின்றன. சில மாதங்களில் எழுத்து மங்கி வெறும் தாள் மட்டுமே மிஞ்சும். வாங்கிய அன்றே நகல் எடுத்தோ, கைப்பேசியில் படம் பிடித்தோ தேதிவாரியாக வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்குச் சென்றுவந்த பயணச் செலவு, இழந்த ஊதியம், உதவியாளருக்குக் கொடுத்த கூலி ஆகியவையும் கணக்கில் வர வேண்டும். பணமில்லாமல் சிகிச்சையை இடையில் விட்டிருந்தால், அந்தக் காரணத்தையும் மருத்துவர் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் காப்பீட்டுத் தரப்பு அந்த இடைவெளியைக் காட்டி, குணமாகிவிட்டது என்று வாதாடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, இறுதித் தீர்வுப் பத்திரத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாமல் இருப்பது. கைச்செலவுக்கு நாம் தவிக்கும் நேரத்தில்தான் காப்பீட்டுத் தரப்பினர் மொத்தத் தொகை பேச வருவார்கள். பொதுவாக ஒருமுறை முழுத் தீர்வாக ஒப்புக்கொண்டால் பிறகு வரும் செலவுக்கு மீண்டும் கேட்க இயலாது. உடல்நிலை ஓரளவு நிலைப்பட்ட பிறகு, இனி ஆண்டுதோறும் என்னென்ன சிகிச்சை தேவைப்படும் என்று மருத்துவரிடம் எழுத்து மூலமாகக் கருத்துப் பெற்று, அதையும் சேர்த்தே பேச வேண்டும். அதே வேளையில் வழக்குத் தொடுப்பதற்குச் சட்டம் வைத்துள்ள காலக்கெடு கடந்துவிடக் கூடாது என்பதால், அந்தத் தேதியை ஒரு வழக்கறிஞரிடம் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காரில் ஏறினாலே படபடப்பு வருகிறது, விபத்து கனவில் வருகிறது என்றால் அதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலும் தூக்கமின்மையும் வலியைக் கூட்டும். அவற்றுக்குத் தனியே சிகிச்சை உண்டு. “பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாய்” என்பவர்களுக்கு விளக்கம் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும், இன்று எந்த வேலை முடியும், எது முடியாது என்று காலையிலேயே சொல்லிவிடுகிறேன்.

இப்போது என் செலவில் எஞ்சியிருப்பவை ஒரு பொதுப்பெயர் மாத்திரையும், பயிற்சிகளைச் சரிபார்க்க எப்போதாவது இயன்முறை மருத்துவரிடம் செல்வதும், மருந்து இன்னும் தேவையா என்று பார்க்க ஆண்டுக்கொரு முறை மருத்துவரைச் சந்திப்பதும்தான்.