மழைக்காலக் குட்டிகள்

கேள்வி: ஐப்பசி அடைமழையில் எங்கள் நாய் ஆறு குட்டி ஈன்றது. நான்கு நாளாகிறது. ஒன்று மட்டும் மெலிந்து, சில்லிட்டுக் கிடக்கிறது. பசும்பால் புகட்டலாமா? எப்போது பிறருக்குக் கொடுக்கலாம்?
- வாசகர், மன்னார்குடி

பதில்: முதலில் சூடு, பிறகுதான் பால். சில்லிட்ட குட்டிக்குக் குடல் வேலை செய்யாது. புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடலாம். துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை அணைத்து வைத்து, மெல்லச் சூடேறியதும் தாயின் பின்மடியில் விடுங்கள். அங்கேதான் பால் அதிகம்.

முதல் வாரம் படுக்கையில் 29 முதல் 32 டிகிரி வெப்பம் வேண்டும். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்தால் குளிர்; விலகி விலகிப் படுத்தால் புழுக்கம். டெல்டாவில் பலரும் வைக்கோலைத்தான் பரப்புகிறார்கள். மழையில் நனைந்த வைக்கோல் பூஞ்சை பிடிக்கும். பலகை மேல் சாக்கும் பழைய வேட்டியும் போதும், தினமும் மாற்றுங்கள்.

பசும்பாலில் கொழுப்பும் புரதமும் குறைவு, கழிச்சல் வரும். நாய்க்குட்டிப் பால்பவுடரைக் குப்புறப் படுத்த நிலையில் கொடுங்கள். தினமும் எடை போடுங்கள். பத்து நாளுக்குள் இரட்டிக்க வேண்டும். ஒரே நாள் எடை குறைந்தாலும் மருத்துவரிடம் போங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

தாய் நடுங்கி, மூச்சிரைத்து, விறைத்தால் கால்சியம் குறைவு. உடனே ஊசி தேவை, காத்திருக்காதீர்கள்.

இரண்டாம் வாரம் முதல் குடற்புழு நீக்கும் மருந்து, நான்காம் வாரம் குழைந்த சோறும் முட்டையும். பார்வோ (வாந்தியும் ரத்தக் கழிச்சலும் தரும் வைரஸ் நோய்) தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில். எட்டு வாரத்துக்கு முன் கேட்பவருக்குக் கொடுக்காதீர்கள்.