துப்பி அனுப்பினால் எல்லாம் தெரியுமா?

வீட்டுக்கே வரும் டிஎன்ஏ கிட் பற்றி இந்த முறை நிறைய கடிதங்கள். குழாயில் எச்சில் துப்பி அனுப்பினால் சில வாரங்களில் நாற்பது ஐம்பது பக்க ரிப்போர்ட் வருகிறது, அதைப் படித்துவிட்டு பாதிப் பேர் பயந்து எழுதுகிறீர்கள், மீதிப் பேர் ஏமாந்த கோபத்தில் எழுதுகிறீர்கள்.

அப்பாவுக்கு 62 வயது. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆகிறது. தம்பி ஆன்லைனில் வாங்கிய டிஎன்ஏ கிட் ரிப்போர்ட்டில், குளோபிடோக்ரெல் இவருக்குச் சரியாக வேலை செய்யாது என்று சிவப்புக் கட்டம் போட்டிருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்திவிடலாமா டாக்டர்?
வாசகி, திருச்சி

நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட் வைத்த முதல் சில மாதங்களில் இந்த மாத்திரையைத் திடீரென்று விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். அது முதல் அட்டாக்கை விட மோசமாக முடியும். இதய டாக்டர் வேறு மாத்திரையைக் கையில் கொடுக்கும் வரை இப்போது போடுவதையே போடட்டும்.

அதற்காக அந்த ரிப்போர்ட்டைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. இந்தக் கிட்கள் சொல்லும் பல விஷயங்களில் உண்மையிலேயே கவனிக்க வேண்டிய ஒன்று உங்கள் அப்பா விஷயத்தில் மாட்டியிருக்கிறது. குளோபிடோக்ரெல் நாம் விழுங்கும் வடிவத்தில் மருந்தே இல்லை. கல்லீரலில் இருக்கும் சி.ஒய்.பி.2சி19 என்ற நொதி அதை மாற்றிக் கொடுத்தால்தான் ரத்தத் தட்டுகள் ஒட்டாமல் தடுக்கும். அந்த நொதிக்கான ஜீனில் நமக்கு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி உண்டு. தெற்காசியர்களிடம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பிரதி வேலை செய்யாத ரகம். கணக்குப் போட்டால் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு இரண்டுமே பழுதாக இருக்கும், அவர்களுக்கு இந்த மாத்திரை பாதிப் பலன்கூடத் தராமல் போகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010-லேயே இதற்குக் கறுப்புக் கட்ட எச்சரிக்கை, அதாவது மருந்துக் குறிப்பில் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கை, போட்டது.

அதனால் ரிப்போர்ட்டில் அந்தச் சிவப்புக் கட்டத்தைத் தாண்டி அடுத்த வரியைப் பாருங்கள். 'இன்டர்மீடியட் மெட்டபலைசர்' என்றால் ஒரு பிரதி பழுது, 'புவர் மெட்டபலைசர்' என்றால் இரண்டும் பழுது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். அதை எடுத்துக்கொண்டு ஸ்டென்ட் வைத்த டாக்டரிடமே போங்கள். அவர் மருத்துவமனை லேபில் இன்னொரு முறை அந்த ஒரு ஜீனை மட்டும் பார்க்கச் சொல்லலாம், பிறகு டிகாக்ரெலோர் அல்லது பிராசுக்ரெல் மாற்றித் தரலாம். இவற்றில் ரத்தக் கசிவு ஆபத்து கொஞ்சம் கூடுதல், முன்பு பக்கவாதம் வந்தவருக்கு பிராசுக்ரெல் கூடாது, டிகாக்ரெலோர் சிலருக்கு மூச்சு வாங்க வைக்கும். இதையெல்லாம் எடைபோட ஆள் வேண்டும், ஆப்பால் முடியாது.

இன்னொன்று. அப்பா 'கேஸ் மாத்திரை' போடுகிறாரா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஒமிப்ரசோல், எசோமிப்ரசோல் இரண்டும் இதே நொதியைத்தான் அமுக்குகின்றன. ஜீன் நன்றாக இருப்பவருக்கே குளோபிடோக்ரெலின் வேகத்தைக் குறைத்துவிடும். பான்டோப்ரசோலில் அந்தத் தொல்லை குறைவு. மெடிக்கல் ஷாப்பில் சும்மா கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரை இது என்பதால் டாக்டரிடம் சொல்லவே மறந்துவிடுகிறார்கள்.

அம்மாவுக்கு 41 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது, சித்திக்கும் வந்தது. அமெரிக்காவில் இருக்கும்போது நான் கிட் வாங்கிச் செய்தேன், பிஆர்சிஏ 'கண்டறியப்படவில்லை' என்று வந்தது. இனி கவலை இல்லைதானே?
வாசகி, கோவை

கவலை அப்படியேதான் இருக்கிறது. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரண்டு ஜீன்களிலும் நோய் தரும் மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. டிஎன்ஏ கிட் விற்கும் 23அண்ட்மீ நிறுவனத்துக்கு 2018-ல் எஃப்டிஏ அனுமதி கிடைத்தபோது அவர்கள் பார்த்தது மொத்தம் மூன்றே மூன்று, அதுவும் ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. பிற்பாடு பட்டியல் நீண்டாலும் முழு ஜீனையும் படிப்பது வேறு, குறித்து வைத்த சில இடங்களை மட்டும் தட்டிப் பார்ப்பது வேறு.

உங்களுக்குத் தேவை முழு ஜீன் சீக்வென்ஸிங், அதுவும் முதலில் அம்மாவுக்கு. அவரிடம் ஒரு மாற்றம் கிடைத்தால் உங்களிடம் அதை மட்டும் தேடினால் போதும், அப்போது வரும் 'இல்லை' நம்பத் தகுந்த 'இல்லை'. புற்றுநோய் மருத்துவமனைகளில் மரபணு ஆலோசகர் இருப்பார், அங்கே தொடங்குங்கள்.

கச்சா டேட்டா ஃபைலை இறக்கி வேறு ஏதாவது இணையதளத்தில் போட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அப்படிப் பயந்து வந்தவர்களின் மாதிரிகளை 2018-ல் ஒரு அமெரிக்க லேப் மறுபடி சோதித்தபோது, அந்த ஃபைல்களில் இருந்த மாற்றங்களில் 40 சதவீதம் பொய்.

ஏழு வயதுப் பையனுக்கு எந்த விளையாட்டு வரும் என்று ஜீன் பார்த்துச் சொல்கிறார்களாமே, செய்யலாமா?
வாசகர், சேலம்

வேண்டாம். ஏசிடிஎன்3 என்ற ஒரு ஜீனை வைத்துக்கொண்டுதான் பெரும்பாலும் இந்தக் கதையை ஓட்டுகிறார்கள். அந்த ஜீன் தயாரிக்கும் தசைப் புரதமே இல்லாதவர்கள் உலகில் ஐந்தில் ஒருவர், அவர்களும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தக் காசுக்கு நல்ல ஷூ வாங்கிக் கொடுத்து மைதானத்துக்கு அனுப்புங்கள்.

மாமன் மகனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன். இருவரும் ஆன்லைன் கிட்டில் டெஸ்ட் செய்து, ஒன்றுமில்லை என்று வந்தால் போதுமா?
வாசகி, மதுரை

கல்யாணத்துக்கு முன்பே கேட்டதற்குச் சந்தோஷம். வழக்கமாக முதல் குழந்தைக்கு ஏதாவது ஆன பிறகுதான் கேட்பார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 28 சதவீதத் திருமணங்கள் சொந்தத்துக்குள்தான், நாட்டிலேயே அதிகம் இங்கேதான். உங்களுக்கும் அவருக்கும் டிஎன்ஏவில் எட்டில் ஒரு பங்கு பொது, தாய்மாமனையே கட்டினால் கால் பங்கு. பொதுவாக 100 குழந்தைகளில் 2, 3 பேருக்குப் பிறவிக் கோளாறு இருக்கும், உங்களைப் போன்ற ஜோடிக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பாகலாம். அதாவது பெரும்பாலும் நல்லபடியாகவே பிறக்கும், ஆனால் அலட்சியமாக இருக்கவும் முடியாது.

கிட்டை விட்டுவிட்டு முதலில் பாட்டியிடம் உட்காருங்கள். சின்ன வயதில் இறந்த குழந்தை, காது கேட்காதவர், நடை தளர்ந்து போனவர், அடிக்கடி ரத்தம் ஏற்றியவர் என்று குடும்பத்தில் யாராவது உண்டா? இருந்து, அவர் உயிரோடும் இருந்தால் முதல் டெஸ்ட் அவருக்குத்தான். தலசீமியா என்ற ரத்தக் கோளாறின் கேரியரா, அதாவது நோய் இல்லாமல் பழுதான ஜீனை மட்டும் சுமப்பவரா, என்று பார்க்க டிஎன்ஏவே வேண்டாம், சாதாரண ரத்தப் பரிசோதனையும் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சியும் போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆலோசகர் எழுதித் தரும் கேரியர் ஸ்கிரீனிங்கை இருவரும் சேர்ந்து செய்யுங்கள்.

காசு கட்டி வம்சாவளி பார்த்தேன். கிட்டத்தட்ட முழுக்கத் தென்னிந்தியா, இலங்கை என்று வந்தது. இது எனக்கே தெரியுமே! அதோடு, கேள்விப்படாத ஆட்களை எல்லாம் இரண்டாம் தலைமுறைச் சொந்தம் என்று காட்டுகிறது.
வாசகர், ஸ்காபரோ, கனடா

உங்கள் கோபம் நியாயம். அந்தச் சதவீதங்கள் உங்கள் முன்னோரைத் தோண்டி எடுத்தவை அல்ல, நிறுவனத்தின் கையில் இருக்கும் மாதிரிகளோடு ஒப்பிட்டு வருபவை. ஐரோப்பாவிலிருந்து மாதிரிகள் குவிந்திருப்பதால் அயர்லாந்துக்காரருக்கு மாவட்டம் வரை சொல்வார்கள். யாழ்ப்பாணத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையில் கோடு போடும் அளவுக்கு அவர்களிடம் நம் ஆட்கள் இல்லை.

சொந்தக்காரர் பட்டியல் வீங்குவதற்குக் காரணம் நம் கல்யாணங்கள்தான். பல தலைமுறையாக ஒரே வட்டத்துக்குள் பெண் கொடுத்து எடுத்தால் ஒருவரோடு நாலைந்து வழியில் உறவு வந்துவிடும், ஒவ்வொரு வழியிலும் பொதுவாக வந்த டிஎன்ஏ துண்டுகளை எல்லாம் கணினி கூட்டிப்போட்டு நெருங்கிய சொந்தம் என்று சொல்லிவிடும். நீளமான துண்டு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாமே பொடிப்பொடியாக இருந்தால் தூரத்துச் சொந்தம்தான்.

'சுத்த' வம்சம் தேடுபவர்களும் எனக்கு எழுதுகிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையமான சிசிஎம்பியின் விஞ்ஞானிகள் ஹார்வர்டு குழுவோடு சேர்ந்து 2009-லும் 2013-லும் வெளியிட்ட ஆய்வுகளைப் பார்த்தால், ஏறக்குறைய 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தத் துணைக்கண்டத்தில் எல்லோரும் எல்லோரோடும் கலந்திருக்கிறார்கள், அதற்குப் பிறகுதான் கதவைச் சாத்திக்கொண்டோம்.

சாத்தியதன் விலை மருத்துவத்தில் தெரியும். ஆந்திரா, தெலங்கானா வைசியர்களில் சிலருக்கு பியூட்டிரில்கோலின்எஸ்டரேஸ் என்ற நொதி இருக்காது. ஆபரேஷனில் தசை தளரக் கொடுக்கும் சக்சினைல்கோலின் மற்றவர்களுக்குச் சில நிமிடங்களில் விலகிவிடும், இவர்களுக்கு மணிக்கணக்கில் மூச்சுத் தசை அசையாது, அதுவரை வென்டிலேட்டர்தான். விஷயம் தெரிந்த மயக்க மருந்து நிபுணர் முன்கூட்டியே விசாரித்துவிட்டு வேறு மருந்து கொடுப்பார். வம்சாவளிக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு, உலக வரைபடத்தில் வண்ணம் பூசிக் காட்டுவதை விட இது எவ்வளவோ மேல்.

கிட் கம்பெனி திவாலானால் என் டிஎன்ஏ யாரிடம் போகும்?
வாசகர், சென்னை

வாங்குபவரிடம். 23அண்ட்மீ விஷயத்தில் இது நடந்தேவிட்டது. 2023-ல் திருட்டுப் பாஸ்வேர்டுகளை வைத்து சுமார் 14,000 கணக்குகளுக்குள்தான் நுழைந்தார்கள், ஆனால் சொந்தக்காரர் தேடும் வசதி வழியாக 69 லட்சம் பேரின் விவரம் வெளியே போனது. 2025 மார்ச்சில் கம்பெனி திவால் மனு கொடுத்தது. ரீஜெனரான் என்ற மருந்துக் கம்பெனி 25.6 கோடி டாலருக்குக் கேட்டது, கடைசியில் நிறுவனர்களில் ஒருவரான ஆன் வோஜிசிக்கியின் லாபநோக்கற்ற அமைப்பு 30.5 கோடிக்கு எடுத்துக்கொண்டது.

அமெரிக்காவில் 2008-ல் வந்த ஜினா சட்டம் வேலையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் ஜீனை வைத்து ஓரங்கட்டக் கூடாது என்கிறது, ஆயுள் காப்பீட்டை அது தொடவில்லை. இங்கே அப்படி ஒரு தனிச் சட்டமே இல்லை. ஆகவே கிட் வாங்குவதற்கு முன்னால் ஒப்புதல் பக்கத்தில் 'ஆராய்ச்சிக்குச் சம்மதம்', 'மாதிரியைச் சேமித்து வைக்கச் சம்மதம்' என்ற இரண்டு டிக்கையும் தேடிப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே செய்தாகிவிட்டது என்றால் ரிப்போர்ட்டைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு, மாதிரியை அழிக்கச் சொல்லி, அப்புறம் கணக்கை மூடுங்கள். சில கம்பெனிகள் மெயிலில் ஒரு உறுதிப்படுத்தும் லிங்க் அனுப்பும். அதை அழுத்தினால்தான் அழிக்கும் வேலையே தொடங்கும், ஸ்பாம் பெட்டியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.