பயிருக்கு நடுவே போகும் பாதை

கேள்வி: இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் மஞ்சள் அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். ஓரிடத்தில் அது கோதுமை வயலின் நட்டநடுவே வழி காட்டியது. பயிரை மிதிக்க மனம் வராமல் வரப்போரமாகச் சுற்றிப் போனோம். நாங்கள் செய்தது சரியா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: பயிரை மிதிப்பது பாவம் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தத் தயக்கம் வராமல் இருக்காது. ஆயினும் நீங்கள் நேராகவே நடந்திருக்கலாம். நடந்திருக்க வேண்டும் என்றே சொல்வேன். அந்த மஞ்சள் அம்புக்குறி பொது நடைபாதையின் அடையாளம். நிலம் உழவருக்குச் சொந்தம் என்றாலும், அந்தப் பாதை வழியே அதன் குறுக்கே நடந்து கடக்கும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு. அந்த உரிமை பாதையின் தடத்துக்கு மட்டுமே உரியது என்பதால், வயலுக்குள் நடப்பவர் அத்துமீறுபவர் அல்லர். பாதையை விட்டு ஓரமாகச் சுற்றுபவரே, நல்லெண்ணத்தோடு சென்றாலும், உரிமையில்லாத மண்ணில் கால் வைத்தவராகக் கருதப்படக்கூடும்.

வயலின் குறுக்கே செல்லும் பாதையை உழுது விதைக்க உழவருக்கு அனுமதி உண்டு. ஆனால் விதைப்புக்காக உழுதால் 14 நாட்களுக்குள், குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு, அதை நடக்கத்தக்கதாகச் சீராக்கித் தடம் தெரியும்படி செய்ய வேண்டும் என்றும், பின்னர் வளரும் பயிர் அதை மூடிவிடக் கூடாது என்றும் நெடுஞ்சாலைச் சட்டம் விதிக்கிறது. வயலோரமாகச் செல்லும் பாதையை உழவே கூடாது. பொறுப்பான உழவரின் வயலில் இது அழகாகத் தெரியும்: முழங்காலுக்கு மேல் நிற்கும் கோதுமைக்கு நடுவே, ஒருவர் பின் ஒருவராகப் போகும் அளவுக்கு வெளிறிய மண்கோடு ஒன்று, எதிர்வேலியைத் தாண்ட வைத்திருக்கும் மரப்படி வரைக்கும் நேராக ஓடும்.

தேவாலயத்துக்கும் மாவரைக்கும் ஆலைக்கும் பக்கத்து ஊருக்கும் மக்கள் நடந்து நடந்து உண்டான தடங்கள் இவற்றுள் பல. தடையின்றி 20 ஆண்டுகள் உரிமையோடு பயன்படுத்திய வழி பொதுவழியே என்று சட்டம் பொதுவாக ஏற்றுக்கொள்கிறது. இத்தகைய வழிகளைக் கணக்கெடுத்து வரைபடத்தில் பதிய வேண்டும் என்று கவுண்டி கவுன்சில்களுக்கு, அதாவது மாவட்டம் போன்ற பகுதிகளின் உள்ளாட்சி மன்றங்களுக்கு, கட்டளையிட்டது 1949ஆம் ஆண்டுச் சட்டம். வரைபடத்தில் ஏறாமல் விடுபட்ட தடங்களும் உண்டு. ஆள் நடமாட்டம் நின்றுபோனால் அவற்றுக்குச் சான்று சொல்லவும் ஆள் இருக்காது. நடந்திருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அடுத்த முறை பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பச்சை நிறத்தில் விட்டுவிட்டு வரும் சிறு கோடுகள் நடைபாதைகள். பலராகச் சென்றால் வரிசையாகச் செல்லுங்கள். வழியில் வரும் கதவு திறந்திருந்தால் திறந்தபடியும், மூடியிருந்தால் மூடியும் விட்டுச் செல்லுங்கள். அதற்குப் பின்னால் ஆடுமாடுகள் இருக்கும். பயிர் பாதையை அடைத்துக்கொண்டு நின்றால், இடத்தைக் குறித்துப் படமும் எடுத்து, அந்தப் பகுதியின் கவுன்சிலுக்கு மகளை எழுதச் சொல்லுங்கள். பாதையைத் திறந்து வைக்கச் செய்வது அவர்களுடைய கடமை.