மேல்முறையீட்டு வக்கீல் ஆக நேரே மதுரைக்குப் போய்விடலாமா?

கேள்வி இதுதான்: ராமநாதபுரத்தில் சட்டப் படிப்பு கடைசி வருடம். கிரிமினல் அப்பீல் செய்யும் வக்கீலாக ஆசை. ஊரில் தொடங்குவதா, நேராக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போவதா?

நான் ராமநாதபுரத்தில் பதினாறு வருடமாகக் கிரிமினல் பக்கம் நிற்கிறவன். வாரத்தில் இரண்டு நாள் விடிகாலை பஸ் பிடித்து மாட்டுத்தாவணியில் இறங்கி, அந்தக் கிளை இருக்கிற ஒத்தக்கடை போகிறேன். என் பதில்: முதல் நாலைந்து வருடம் ஊரிலேயே இருங்கள். காரணம் என் சொந்தத் தப்பு ஒன்று.

மண்டபம் பக்கம் ஒரு கடல் அட்டை வழக்கு. என் கட்சிக்காரர் படகில் கூலிக்குப் போனவர். கடல் அட்டை 2001-லிருந்து வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. குற்றம் நிரூபணமானால் குறைந்தது மூன்று வருடம். பொருள் கையில் இருந்தது என்று காட்டிவிட்டால் போதும், சட்டவிரோதமில்லை என்று நிரூபிக்கும் சுமை நம் தலையில். ஆக, கைப்பற்றிய கதையை உடைத்தால்தான் உண்டு.

கைப்பற்றியபோது எழுதிய மகஜரில் ‘காய்ந்த நிலையில் 58 கிலோ’. இரண்டு நாள் கழித்துக் கோர்ட்டில் ஒப்படைத்த படிவத்தில் 41 கிலோ. அட்டையைக் குடல் எடுத்து, வேகவைத்து, வெயிலில் போட்டால் சுண்டிப்போகும் என்பது இந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏற்கெனவே காய்ந்தது இரண்டே நாளில் 17 கிலோ எப்படிக் குறையும்? கைப்பற்றிய அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்தவன் நான்தான். சாக்கின் நிறம், டார்ச் வெளிச்சம், படகின் நம்பர் என்று முக்கால் மணி நேரம் கேட்டேன். எடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு தாளும் வழக்குக் கட்டுக்குள் அடுத்தடுத்து இருந்தன.

தண்டனை விழுந்தது. அப்பீல் எழுத உட்கார்ந்த ராத்திரிதான் அது கண்ணில் பட்டது. செஷன்ஸ் கோர்ட்டில் அதையே முதல் பாயிண்டாக வைத்தேன். நீதிபதி கேட்டது ஒன்றே ஒன்று: “இதை அ.சா.2-இடம் கேட்டீர்களா?” அ.சா.2 என்றால் அரசுத் தரப்பின் இரண்டாம் சாட்சி, அந்த அதிகாரிதான். பக்கத்தைப் புரட்டுவதுபோல் நின்றேன். கேட்காத கேள்வி எந்தப் பக்கத்தில் இருக்கும்? அதிகாரிக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பே தராமல் இப்போது முரண்பாடு என்றால் ஏற்க முடியாது என்று தீர்ப்பு வந்தது.

கட்சிக்காரரின் மனைவி வாசலில் கேட்டார்: “மேல் கோர்ட்டுல எல்லாத்தையும் முதல்லருந்து சொல்லலாம்ல, வக்கீல் சார்?” பாதி ஊர் அப்படித்தான் நினைக்கிறது. அப்பீலில் சாட்சி கூண்டில் ஏறுவதில்லை. கீழ்க் கோர்ட்டில் பதிவான தாள்கள்தான் எல்லாம், அதனால்தான் முதலில் அங்கே பழகுங்கள் என்கிறேன். கூடுதல் சாட்சியம் எடுக்கப் பிரிவு இருக்கிறது, சரி. ஆனால் வக்கீல் கேட்க மறந்ததற்காக அந்தக் கதவு லேசில் திறக்காது. இப்போது ரிவிஷன், அதாவது சீராய்வு மனு, மதுரையில் நிலுவையில் இருக்கிறது. தண்டனையை நிறுத்திவைத்து உத்தரவு வாங்கிவிட்டோம், அவர் வெளியே இருக்கிறார். ரிவிஷனில் வாசல் இன்னும் குறுகல்.

இன்னொன்று மொழி. இங்கே சாட்சியம் தமிழில் பதிவாகிறது, உயர் நீதிமன்றத்தில் வாதம் ஆங்கிலத்தில். தொண்டிக்காரர் ‘வத்தை’ என்று சொன்னதை மொழிபெயர்ப்பில் வெறும் படகு என்று போட்டுவிட்டால், அது விசைப்படகா நாட்டுப்படகா என்பதே கரைந்துபோகும். சிலசமயம் வழக்கே அதில்தான் நிற்கும். கரையில் பிறந்த உங்களுக்கு அது தானாகவே காதில் விழும்.

கஞ்சா வழக்குகளும் இந்தக் கரையில் நிறைய வரும். 20 கிலோவுக்கு மேல் என்றால் வணிக அளவு, ஜாமீன் குதிரைக்கொம்பு. தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு என்ற 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை முழுசாக வாசியுங்கள், சுருக்கம் போதாது. போதைப்பொருள் தடுப்பு அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்றது அது. மாறுபட்டுத் தீர்ப்பு எழுதிய நீதிபதியின் பகுதியையும் விடாதீர்கள்.

காலக்கெடு விஷயம் மனப்பாடமாக இருக்கட்டும்: செஷன்ஸுக்கு அப்பீல் 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். குடும்பம் பணம் புரட்டி வரும்போது பெரும்பாலும் கெடு தாண்டியிருக்கும். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவை எழுதப் பழகிக்கொள்ளுங்கள். அது தனிக் கலை, யாரும் கல்லூரியில் சொல்லித்தருவதில்லை.

வருமானம் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஜூனியருக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது தர வேண்டும் என்று 2024-இல் பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. கையில் வருவது சீனியரைப் பொறுத்தது, சேரும் முன்பே வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். நான் கூச்சப்பட்டுக் கேட்காமல் எட்டு மாதம் பஸ் காசுக்கு அப்பாவிடம் நின்றேன்.

அப்புறம், லீவில் ஒருநாள் ஜே.எம். (மாஜிஸ்திரேட்) கோர்ட்டுக்கு வந்து பின் பெஞ்சில் உட்காருங்கள். வாய்தா போடுவதுதான் அதிகம் நடக்கும். பதினொன்றரைக்கு மேல் யாராவது ஒரு மகஜர் சாட்சி முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ்வார், அதைப் பாருங்கள்.