மூட்டு மாற்று முடிந்து வீட்டுக்கு வரும் அம்மாவை எப்படிப் பார்த்துக்கொள்வது?

உங்கள் அம்மாவுக்கு 64 வயது, சர்க்கரை உண்டு, வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து இந்த வாரம் டிஸ்சார்ஜ், உங்களுக்கோ 15 நாள்தான் லீவு. வீட்டில் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பார்த்துக்கொண்ட ஆள் இல்லை, கட்டிலில் கிடந்த ஆள். ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்ப் பக்கம். இதே ஆபரேஷன் எனக்கு இடது காலில். கட்டிலிலிருந்து பார்த்தபோது தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்து, அளவு எல்லாம் உங்கள் டாக்டர் சொன்னதுதான் கணக்கு.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் “நீ அசையாதே, நான் எடுத்துத் தரேன்” என்று ஆரம்பிப்பார்கள். காய்ச்சலுக்கு அது சரி. இந்த ஆபரேஷனுக்கு அது ஆகாது. தொடை எலும்பின் நுனியையும் கீழ்க்கால் எலும்பின் தலையையும் சீவி உலோக மூடி போட்டு, நடுவில் பிளாஸ்டிக் தகடு வைத்திருக்கிறார்கள். மூட்டு புதிது, ஆனால் சுற்றியுள்ள சதை வெட்டுப்பட்டது. அது ஆறும்போது தழும்புத் திசு உண்டாகும். முதல் ஆறு வாரம் காலை மடக்கி நீட்டாமல் வைத்திருந்தால் அந்தத் திசு அப்படியே இறுகிவிடும். அப்புறம் மறுபடி மயக்க மருந்து கொடுத்து டாக்டரே காலை மடக்கிவிட வேண்டிய நிலைமைகூட வரும். பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெரும்பாலான பிசியோக்கள் இரண்டு வாரத்துக்குள் 90 டிகிரி மடங்க வேண்டும் என்பார்கள். நாற்காலியில் சாதாரணமாக உட்கார அவ்வளவு தேவை.

மடக்குவதையே எல்லோரும் பேசுவார்கள், நீட்டுவதை மறந்துவிடுவார்கள். கால் முழுசாக நேராகாவிட்டால் நடை காலத்துக்கும் சாய்ந்துதான் போகும். இங்கேதான் தலையணை வில்லன். வலிக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் யாராவது ஒரு தலையணையைச் செருகுவார்கள். சுகமாகத்தான் இருக்கும், கால் அரை மடக்கிலேயே நின்றுவிடும். எங்கள் வீட்டில் வந்த பெரியம்மாக்கள் ஆளுக்கு ஒரு தடவை செருகிவிட்டுப் போனார்கள். உயர்த்தி வைக்க வேண்டுமானால் குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வையுங்கள், முழங்காலுக்கு அடியில் காலியாக இருக்கட்டும்.

வலி மாத்திரையில் நம் ஊர் அம்மாக்களுக்கு ஒரு வீராப்பு உண்டு. “தாங்கிக்கிறேன், மாத்திரை கிட்னிக்கு ஆகாது” என்பார்கள். தாங்கிக்கொண்டால் பயிற்சி செய்ய மாட்டார்கள், அவ்வளவுதான் விஷயம். பிசியோ வருவதற்கு அரைமணி, முக்கால்மணி முன்பு மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். கிட்னி பயம் நிஜமாக இருந்தால், சர்க்கரைக்காரர்களுக்கு அது நியாயமான பயம்தான், எந்த மாத்திரை ஆகும் என்று டாக்டரிடமே கேளுங்கள். கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். டிரமடால் வகை வீரியமான வலி மாத்திரை இருந்தால் பெரும்பாலும் மலச்சிக்கல் வரும். முதல் நாளே மலமிளக்கி கேட்டு வாங்கிவிடுங்கள். முக்கினால் என்ன வலி என்பதைச் சொல்லி மாளாது.

ஐஸ் ஒத்தடம் டவலில் சுற்றி ஒரு தடவைக்கு 15, 20 நிமிஷம். சர்க்கரையால் அம்மாவுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் தோலை அடிக்கடி பாருங்கள், அவருக்குக் குளிர் உறைக்காது. யாராவது தவிட்டு ஒத்தடம், தைலம் என்று வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சாப்பாட்டில் அடுத்த சண்டை வரும். சோறு சாப்பிட்டால் சீழ் பிடிக்கும், கத்தரிக்காய் ஆகாது, மீன் ஆகாது, ரொட்டியும் பாலும்தான் பத்தியம் என்பார்கள். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல் எல்லாம் நன்றாகக் கொடுங்கள். சோற்றைக் குறைக்கச் சொன்னால் அது சர்க்கரைக்காக, சீழுக்காக இல்லை. உண்மையான எதிரி சர்க்கரை அளவுதான். ஆபரேஷனுக்குப் பிறகு அது வழக்கத்தைவிட ஏறும், ஏறினால் காயம் ஆற நாளாகும், கிருமியும் சுலபமாகத் தொற்றும். வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்துப் பாருங்கள்.

வீட்டுச் சாமான்களில் செலவு பெரிதாக வேண்டாம். கட்டில் உயரம் முக்கியம், உட்கார்ந்தால் பாதம் தரையில் பதிந்து முழங்கால் இடுப்பைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்க வேண்டும். கைப்பிடி இல்லாத நாற்காலி வேண்டாம். உயரம் போதவில்லையா, கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் ஏறிவிடும். மிதியடிகளைச் சுருட்டிப் பரணில் போடுங்கள். கக்கூஸ் நம் ஊர்க் கக்கூஸாக இருந்தால் நடுவில் ஓட்டை உள்ள கம்மோடு நாற்காலி சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும். புடவை வாக்கரில் சிக்கும், நைட்டிதான் நல்லது.

வாக்கரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படிப் பிடித்தால் ஒரு டம்ளர் காபியைக்கூடத் தூக்கிக்கொண்டு வர முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு வந்த அழுகையை இன்னும் நினைத்துக்கொள்வேன். முப்பது வருஷம் வகுப்பை நடத்தியவள், ஒரு டம்ளருக்குப் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. என் மருமகள் மறுநாளே வாக்கரின் முன்னால் ஒரு துணிப்பையைக் கட்டிவிட்டாள். சின்ன ஃபிளாஸ்க், போன், கண்ணாடி எல்லாம் அதில். உதவி செய்வதென்றால் எனக்கு அந்த மாதிரிதான் பிடிக்கும்.

படி இருந்தால் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். பிசியோ ஆஸ்பத்திரியிலேயே பழக்கியிருப்பார். அம்மா அவசரத்தில் மாற்றிவிடுவார், முதல் சில நாள் கூடவே நில்லுங்கள்.

இப்போது பயப்பட வேண்டாத சில விஷயங்கள். தொடையில் தொடங்கிக் கணுக்கால் வரை கறுப்பும் நீலமுமாகக் கன்றும், ரத்தம் கீழே வடிந்து தோலில் தெரிவதுதான். தையலுக்கு வெளிப்பக்கம் மரத்துப்போயிருக்கும், அங்கே ஓடும் சின்ன நரம்பு வெட்டுப்பட்டிருக்கும். நடந்தால் உள்ளே ‘டக்’கென்று சத்தம் கேட்கும், அது உலோகமும் பிளாஸ்டிக்கும். மூட்டு மாதக்கணக்கில் இளஞ்சூடாகவே இருக்கும், சாயங்காலம் வீங்கும்.

பயப்பட வேண்டியவை வேறு. கெண்டைக்கால் திடீரென்று வீங்கி, கல் மாதிரி இறுகி, தொட்டால் வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே 108. அதனால்தான் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ ஊசியோ தந்திருப்பார்கள், நன்றாக நடக்கிறாரே என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. காயத்தில் நீரோ சீழோ கசிவது, சிவப்பு பரவுவது, குளிர்க்காய்ச்சல் இதெல்லாம் வந்தால் ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போங்கள். பக்கத்து கிளினிக்கில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தால், உள்ளே மூட்டுவரை போன தொற்று மறைந்துகொண்டே வளரும்.

இன்னொன்றை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இரண்டாவது, மூன்றாவது வாரம் மனசு தரைமட்டத்துக்குப் போகும். ராத்திரி தூக்கம் வராது, எப்படிப் படுத்தாலும் கால் இடிக்கும், ‘பழைய வலியே தேவலை, எதுக்கு இதைச் செய்துகொண்டேன்’ என்று தோன்றும். அம்மா அப்படிச் சொன்னால் எவ்வளவு செலவு செய்தோம் என்று கணக்குப் பேசாதீர்கள். “ஆமாம்மா, கஷ்டம்தான்” என்று சொல்லிவிட்டு, நேற்றைவிட இன்று கால் எவ்வளவு மடங்கியது என்று காட்டுங்கள். எனக்கு உதவியது அதுதான். குதிகால் எதுவரை பின்னால் வருகிறது என்று பேத்தி தரையில் சாக்பீஸால் கோடு போடுவாள். தினமும் அந்தக் கோட்டோடுதான் எனக்குச் சண்டை.

இதனால்தான் சொல்கிறேன், 15 நாள் லீவையும் ஒரே மூச்சில் போடாதீர்கள். முதல் வாரம் வீடு முழுக்க ஆட்கள் இருப்பார்கள். தையல் பிரிக்கும் சமயத்தில், அதாவது சுமார் இரண்டு வாரம் ஆகும்போது, எல்லோரும் கிளம்பியிருப்பார்கள். கொஞ்சம் லீவை அப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் குளிப்பாட்ட மட்டும் ஓர் ஆளை ஏற்பாடு செய்ய முடிந்தால் மிச்ச நேரத்தைச் சமாளித்துவிடலாம். யார் கையையும் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து, வாக்கரோடு கக்கூஸ் போய்த் திரும்புகிறார் என்றால் பகலில் சில மணி நேரம் தனியாக விடலாம். குளியலறைக் கதவைச் சாத்தினால் போதும், தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். சொன்னால் கேட்க மாட்டார், என் பிள்ளை செய்த மாதிரி தாழ்ப்பாளையே கழற்றிவிடுங்கள்.