‘டோ’ என்றால் வழி

கேள்வி: என் மகள் இரண்டு வருடமாகக் கராத்தே பழகுகிறாள். இன்னும் அதே அடிப்படை அசைவுகள்தான். போட்டிக்கும் விடுவதில்லை. இதில் என்ன பயன்?
– ஒரு தாய், சுன்னாகம்

பதில்: தங்கச்சி, கராத்தே-டோ, கியூடோ என்கிற வில்வித்தை, சாடோ என்கிற தேநீர்க் கலை எல்லாவற்றிலும் வரும் ‘டோ’வுக்கு வழி என்று பொருள். யப்பானில் நான் வில் பழகியபோது, முதல் மாதங்கள் முழுக்க ஏறக்குறைய இரண்டு மீட்டர் தள்ளியிருந்த வைக்கோல் கட்டுக்கே எய்தேன். அப்புறம்தான் 28 மீட்டர் இலக்கு. முதன்முறை அம்பு பட்டதும் துள்ளித் திரும்பினேன். ஆசிரியர் இலக்கைப் பார்க்கவேயில்லை. என் தோளைப் பார்த்தார். அம்பு போன பின்னும் உடலும் மனமும் கலையாமல் நிற்கவேண்டும். அதற்குச் ‘சான்ஷின்’ என்று பெயர். எனக்கு அது வர நாலு வருடம் எடுத்தது. பாட்டு ரீச்சர் சரளிவரிசையை விடாமல் பாடவைப்பதும் இதற்குத்தான். மகளிடம் பதக்கம் கேட்காதீர்கள். வகுப்பு முடிந்து வந்து செருப்பை எப்படி வைக்கிறாள் என்று பாருங்கள்.