உறைய மறுக்கும் ஹீலியம்

அன்புள்ள ஐயா,

குளிர் பற்றிய உங்கள் கட்டுரையில், "எந்தத் திரவமும் போதிய அளவு குளிர்ந்தால் கட்டியாகிவிடும்" என்று எழுதியிருந்தீர்கள். நான் மீனுக்கு ஐஸ் கட்டும் இடத்தில் வேலை செய்கிறேன். உயர்தரம் படிக்கும் என் மகள், ஹீலியம் அப்படி உறையாது என்கிறாள். எங்கள் தொட்டியில் உப்புத்தண்ணீர் மைனஸ் பத்திலும் உறையாமல் கிடக்கிறதே, அதுபோல் ஹீலியத்திலும் ஏதாவது கலந்திருக்குமா?

வாசகர் ஒருவர், வாழைச்சேனை

அன்புள்ள தம்பி,

மகள் சொன்னதுதான் சரி, நான் எழுதியது பிழை.

உங்கள் தொட்டிக் கதை வேறு. உப்பு, தண்ணீரின் உறைநிலையைக் கீழே இறக்குகிறது, அவ்வளவுதான். மைனஸ் 21ஐத் தாண்டினால் எவ்வளவு உப்புப் போட்டாலும் தாங்காது. ஹீலியத்தில் எதுவும் கலக்கவில்லை. கலக்க நினைத்தாலும், அந்தக் குளிரில் மற்றப் பொருள் எல்லாம் ஏற்கெனவே கல்லாகிப் போயிருக்கும்.

1908 ஜூலை 10ஆம் திகதி, நெதர்லாந்தின் லெய்டன் நகரில் காமர்லிங் ஒன்னஸ் ஹீலியத்தை முதன்முதலில் திரவமாக்கினார். கொதிநிலை 4.2 கெல்வின், அதாவது மைனஸ் 269 பாகை செல்சியஸ். அடுத்து அதை உறையவைக்கப் பார்த்தார். ஆவியைப் பம்பால் உறிஞ்ச உறிஞ்சத் திரவம் இன்னும் குளிரும். வியர்த்த உடம்பில் வாவிக் காற்றுப் பட்டால் சில்லிடுகிறதே, அதே கணக்கு. ஏறக்குறைய ஒரு கெல்வின் வரை இறங்கியும் உறையவில்லை. 1926இல்தான் அதே ஆய்வுகூடத்தில் கீசோம் அதைத் திண்மமாக்கினார், அதுவும் அமுக்கித்தான். தனிப்பூச்சியத்துக்கு, அதாவது அதற்குக் கீழே குளிரே இல்லாத பூச்சியம் கெல்வினுக்கு, கிட்டப் போனாலும் வளிமண்டல அமுக்கத்தைப்போல் சுமார் 25 மடங்கு வேண்டும்.

ஏன்? ஹீலியம் அணுக்களுக்கு ஒன்றன்மேல் ஒன்று பெரிய ஈர்ப்பில்லை. அணுவும் இலேசு. இலேசான அணுவை ஓரிடத்தில் அடக்கி நிறுத்தப் பார்த்தால் அது துடிக்கும். வெப்பத்தை முழுக்க எடுத்தாலும் போகாத துடிப்பு அது, குவாண்டம் விதி. ஐதரசன் இன்னும் இலேசுதான். ஆனால் அதன் மூலக்கூறுகளுக்கிடையே ஈர்ப்புக் கூட, அதனால் 14 கெல்வினில் ஒழுங்காக உறைந்துவிடுகிறது.

ஆனால் எனக்கு உறையாததைவிடப் பெரிய ஆச்சரியம் 2.17 கெல்வினில் இருக்கிறது. பம்பு இழுக்க இழுக்கக் கொதித்துக் குமிழி விட்டுக்கொண்டிருந்த திரவம், அந்தப் புள்ளியில் சட்டென்று அடங்கிப் படுத்துவிடும். ஆவியாவது நிற்பதில்லை. வெப்பம் ஓரிடத்தில் தேங்கினால்தானே குமிழி வரும்? அதற்குக் கீழே வெப்பம் தேங்காமல் ஓடிவிடுகிறது, மேற்பரப்பில் மட்டும் ஆவியாகிறது.

நீங்கள் தண்ணீரை ஐஸாக்கும்போது மறைவெப்பத்தை, அதாவது வெப்பநிலை இறங்காமலே நிலை மாறும்போது வெளியேறும் வெப்பத்தை, எடுத்தாக வேண்டும், உங்கள் மின்சார பில் பெரும்பாலும் அதற்குத்தானே. ஹீலியம் 2.17 கெல்வினில் அடங்கும் மாற்றத்தில் மறைவெப்பமே கிடையாது. தன்வெப்பக் கொள்ளளவு, அதாவது ஒரு பாகை சூடேற்றத் தேவையான வெப்பம், மட்டும் அந்த இடத்தில் கூராக எழுந்து விழும். அந்த வரைபடம் கிரேக்க லாம்டா எழுத்துப் போல் இருப்பதால் லாம்டா புள்ளி என்று பெயர்.

1938இல் மொஸ்கோவில் கபிட்சாவும், கேம்பிரிட்ஜில் அலனும் மைசனரும், இந்தத் திரவம் மிக ஒடுங்கிய இடுக்குகளிலும் ஏறத்தாழத் தடையே இல்லாமல் பாய்கிறது என்று அறிவித்தார்கள். மீப்பாய்மம் என்கிறோம். ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்துத் தொங்கவிட்டால், மெல்லிய படலமாகச் சுவரில் ஏறி, விளிம்பைத் தாண்டி, அடியில் சொட்டும். கிண்ணம் காலியாகும்வரை விடாது.

கட்டுரையில் அந்த வரிக்கு முன் "ஹீலியம் தவிர" என்று சேர்த்துவிட்டேன். மகளிடம் சொல்லிவிடுங்கள்.